முட்டி வலிக்கு ஷூவைக் குற்றம் சொல்லுமுன்

கேட்டவர் சொன்னது சுருக்கமாக: ஓடத் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. 5 கிலோமீட்டர், பிறகு 8, பிறகு 10 என்று வந்தார். 21 கிலோமீட்டர் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்த உற்சாகத்தில் ஒரு ஞாயிறு 14 கிலோமீட்டர் ஓடினார், அடுத்த ஞாயிறு 16. இப்போது மாடிப்படி இறங்கினால் முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. ஒரு நண்பர் ஷூ சரியில்லை என்கிறார், இன்னொருவர் தட்டைப் பாதம் என்கிறார், வீட்டில் "நாற்பது வயதுக்கு மேல் இதெல்லாம் தேவையா, முட்டி தேய்ந்துவிடும்" என்கிறார்கள். ஓடுபவர்களுக்கு வழக்கமாக வரும் காயங்கள் என்னென்ன, அவை யாருக்கு, ஏன் வருகின்றன?

பதில்:

உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. 10இலிருந்து 14க்குப் போனதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு ஷூவைப் பற்றி விசாரிக்கிறீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த 14தான். ஓட்டக்காரர்களின் வலியைப் பார்ப்பதே தொழிலாக இருப்பதால் வந்த பழக்கம் இது. யார் வந்தாலும் காலைப் பார்ப்பதற்கு முன்னால், கடந்த ஆறு வாரத்தில் எப்போது எவ்வளவு ஓடினார் என்ற கணக்கைத்தான் கேட்பேன்.

முதலில் வீட்டில் இருப்பவர்களுக்குப் பதில் சொல்லிவிடலாம். ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஒரு கட்டுரையின்படி, இடுப்பு மூட்டிலோ முழங்கால் மூட்டிலோ தேய்மானம் இருந்தவர்கள், உடல்நலத்துக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்த வாழ்க்கை வாழ்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காகவே வாழும் உயர்மட்ட ஓட்டக்காரர்களில்தான் அது 13.3 ஆக இருந்தது. ஓட்டம் முட்டியைக் காக்கிறது என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது. முட்டி நன்றாக இருப்பவர்கள்தானே தொடர்ந்து ஓடுவார்கள்! ஆனால் உங்களைப் போல உடல்நலத்துக்காக ஓடுபவர் மூட்டுத் தேய்மானத்துக்குப் பயந்து நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை என்று சொல்ல இது போதும்.

ஓட்டக் காயங்களில் பெரும்பாலானவை கீழே விழுந்தோ கால் பிசகியோ வருவதில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வருகின்றன. ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,000 அடி எடுத்து வைக்கிறோம், ஒவ்வொரு காலுக்கும் 500. 10 கிலோமீட்டர் என்றால் ஒரு கால் 5,000 முறை தரையில் இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு அளவில் இருக்கும். உள்ளே நடப்பது அதைவிடக் கடுமை. குதிகாலுக்கு மேலே, கெண்டைத் தசையை எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாண் ஓட்டத்தின்போது உடல் எடையின் ஆறிலிருந்து எட்டு மடங்கு வரை இழுவிசையைத் தாங்குகிறது. இந்த எண்களைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். உடம்பு இதற்காகவே ஆனது, சுமை கொடுத்தால் பலமாகும். அவகாசம் மட்டும் கொடுக்க வேண்டும்.

சிக்கல் அந்த அவகாசத்தில்தான் இருக்கிறது. உடம்பின் எல்லா பாகங்களும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே முன்னேறிவிடும். முதல் வாரம் இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கியவர் ஆறாவது வாரம் பேசிக்கொண்டே ஓடுவார். தசைக்குச் சில மாதம் வேண்டும். தசைநாணும் எலும்பும் இன்னும் நிதானம். எலும்பு எப்படிப் பழகுகிறது என்று தெரிந்தால் பல காயங்கள் புரிந்துவிடும். புதிய சுமை வந்ததும் எலும்பு உடனே தடித்துவிடுவதில்லை. முதலில் களைத்துப்போன பகுதியை உடம்பே அரித்து எடுக்கிறது, இதற்கு ஏறத்தாழ மூன்று வாரம். பிறகு அங்கே புது எலும்பை நிரப்புகிறது, இதற்கு மாதக் கணக்கில் ஆகும். சாலையைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, புதிதாகப் போட்டு முடிக்கும்வரை அதே வழியில் லாரிகளை விடுவது போன்ற ஒரு இடைக்காலம் இது. ஓட ஆரம்பித்த இரண்டாவது மாதம், ஒருவருக்கு மூச்சு பழகி உற்சாகம் உச்சத்தில் இருக்கும் நேரம். எலும்போ அப்போதுதான் பலவீனமாக இருக்கிறது. நுரையீரல் அனுமதி கொடுத்துவிடுகிறது, எலும்பு இன்னும் கொடுக்கவில்லை. புதியவர்களுக்கு வரும் காயங்களில் பலவற்றுக்கு மூலம் இந்த இடைவெளி.

இனி காயங்கள். உங்களுக்கு வந்திருப்பதிலிருந்து தொடங்குகிறேன்.

ஓடுபவர்களுக்கு அதிகம் அடிபடும் இடம் முழங்கால்தான். அதிலும் முட்டிச் சில்லைச் சுற்றியோ அதன் பின்னாலோ வரும் முன்பக்க வலி முதலிடத்தில் இருக்கிறது. 'ரன்னர்ஸ் நீ' (ஓட்டக்காரர் முட்டி) என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். படி இறங்கும்போது, குந்தி எழும்போது, மடக்கிய காலோடு வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போது வலிக்கும். இந்த இடம் என்று ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடியாது. உள்ளங்கையை முட்டியின் மேல் வைத்து "இங்கேதான் எங்கேயோ" என்பார்கள். வீக்கம் பொதுவாக இருக்காது. ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியவில்லையே என்று கவலைப்படுபவர்கள் உண்டு. சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையிலான மூட்டு, பழகிய அளவைவிட அதிகச் சுமை வாங்கியதால் எரிச்சலடைந்திருக்கிறது. படத்தில் பிடிக்க அதில் எதுவும் இல்லை.

இதைப் பற்றி எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. 2018இல் கனடாவிலிருந்து வந்தது. இந்த வலி உள்ள 69 ஓட்டக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சுமையை எப்படிக் கூட்டுவது, குறைப்பது, வலியை எப்படி அளவுகோலாக வைப்பது என்ற பாடம் மட்டும். இரண்டாவது குழுவுக்கு அந்தப் பாடத்தோடு உடற்பயிற்சி. மூன்றாவதுக்குப் பாடத்தோடு ஓடும் முறையில் திருத்தம். எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. உடற்பயிற்சி வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. தொடையின் முன்தசையையும் இடுப்பின் பக்கவாட்டுத் தசையையும் பலப்படுத்துவது இந்த வலிக்கு நல்லது என்பதற்கு வேறு நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன. ஆனால் தூரத்தையும் மேட்டையும் வேகத்தையும் கட்டுக்குள் கொண்டுவராமல் எந்தப் பயிற்சி செய்தாலும் பாதிக் கிணறுதான். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்த வலியை மாதக்கணக்கில் சகித்துக்கொண்டே ஓடினால் அது எளிதில் போகாது. வருடங்கள் கழித்தும் தொல்லை இருப்பதாகச் சொல்பவர்கள் கணிசம். சிகிச்சைக்கு வரும் முன் எவ்வளவு காலம் வலி இருந்தது என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது.

முட்டியின் முன்பக்கம் இல்லாமல் வெளிப்பக்கம் வலித்தால் அது வேறு கதை. இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்புறமாக இறங்கி முழங்காலுக்குக் கீழே பிடிக்கும் தடித்த நார்ப்பட்டையை ஐ.டி. பேண்ட் என்பார்கள். அது முட்டியருகே எலும்பின் மேல் அமரும் இடத்தில் வரும் வலி இது. இதற்கு விசித்திரமான ஒரு குணம் உண்டு: ஓடத் தொடங்கும்போது ஒன்றும் இருக்காது, நான்காவது கிலோமீட்டர் என்றால் சொல்லி வைத்தாற்போல் தினமும் அதே இடத்தில் ஆரம்பிக்கும், பிறகு ஓடவே விடாது. நடந்தால் போய்விடும். முழங்கால் சுமார் 30 டிகிரி மடங்கும் நிலையில்தான் அங்கே அழுத்தம் விழுகிறது என்பதால், இறக்கத்தில் ஓடுவது இதற்கு ஆகாது. பட்டை எலும்பின் மேல் முன்னும் பின்னும் உரசுகிறது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். பட்டை எலும்போடு நன்றாகவே பிணைந்திருக்கிறது, அடியில் இருக்கும் நரம்பு மிகுந்த கொழுப்புத் திசு நசுங்குவதுதான் வலி என்று 2006இல் உடற்கூறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். நுரை உருளையை (ஃபோம் ரோலர்) வலிக்கிற இடத்திலேயே வைத்துத் தேய்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பட்டை உருட்டினால் நீளாது. ஏற்கெனவே நசுங்கும் இடத்தை இன்னும் நசுக்குவதுதான் மிச்சம்.

அடுத்தது முன்னங்கால், அதாவது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட முன்பகுதி. இங்கேதான் கவனம் தேவை, ஏனென்றால் ஒரே இடத்தில் வரும் இரண்டு வலிகளில் ஒன்று சாது, மற்றது ஆபத்து. ஷின் ஸ்பிளின்ட்ஸ் எனப்படுவது, முன்னங்கால் எலும்பின் உள்விளிம்பில், கீழ்ப்பாதியில் வருவது. விரலால் அழுத்திக்கொண்டே போனால் 5 சென்டிமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு வலி பரவியிருக்கும். ஓட ஆரம்பிக்கும்போது வலித்து, உடல் சூடானதும் குறைந்து, முடித்தபின் திரும்ப வரும். புதிதாக ஓடுபவர்களிடமும் ராணுவப் பயிற்சிக்குச் சேர்ந்தவர்களிடமும் இது சகஜம். பெண்களுக்கும், எடை கூடியவர்களுக்கும், முன்பே ஒரு முறை வந்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். ஓட்டத்தைக் குறைத்து, கெண்டைச் சதையைப் பலப்படுத்தி, மெல்லத் திரும்பினால் சரியாகும்.

வலி அப்படிப் பரவாமல் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஒரே புள்ளியில் இருந்தால், ஓட ஓடக் குறையாமல் கூடினால், பிறகு நடந்தாலே வலித்து, ராத்திரி படுத்திருக்கும்போதும் விண்ணென்று தெரிந்தால், எலும்பில் விரிசல் விழத் தொடங்கியிருக்கலாம். அழுத்த முறிவு என்று சொல்வது இதைத்தான். எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்று சொன்னார்கள் என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ.தான் காட்டிக்கொடுக்கும். கால்விரல்களுக்குப் பின்னால் உள்ள நீள எலும்புகளிலும் முன்னங்காலின் உள்விளிம்பிலும் வந்தால் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வார ஓய்வில் கூடிவிடும். ஆனால் தொடை எலும்பின் கழுத்து, பாதத்தின் நடுவில் மேற்புறமாக இருக்கும் படகு எலும்பு, முன்னங்கால் எலும்பின் முன்விளிம்பு, சுண்டுவிரல் பக்கத்து நீள எலும்பின் அடிப்பகுதி ஆகிய நான்கு இடங்களும் அப்படி எளிதில் கூடாதவை. முழுதாக முறிந்து அறுவைச் சிகிச்சைவரை போகக்கூடியவை. ஓடும்போது தொடை இடுக்கில் ஆழமாக வலித்து, ஒற்றைக்காலில் குதித்தால் அது கூடினால், அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். இதில் பொறுத்துப் பார்ப்பதற்கு இடமில்லை.

எலும்பு முறிவைப் பற்றிப் பேசும்போது சாப்பாட்டைப் பேசாமல் விட முடியாது. நிறைய ஓடி, குறைவாகச் சாப்பிடுபவர்களுக்கு உடம்பு எலும்பைச் செப்பனிடும் வேலையை ஒத்திவைத்துவிடுகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு தவறும் அல்லது நின்றுபோகும். ஆண்களுக்கு அப்படி வெளிப்படையான அடையாளம் இல்லாததால் இன்னும் தாமதமாகவே தெரியவரும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதற்குத் தனிப் பெயர் கொடுத்து, இது இரு பாலருக்கும் உரிய பிரச்சினை என்று அறிவித்தது. எடை குறைக்க ஓடத் தொடங்கி, ஓட்டத்தையும் பட்டினியையும் ஒரே நேரத்தில் கூட்டுபவர்கள் அழுத்த முறிவுக்கு நேரே நடந்து போகிறார்கள். மாதவிலக்கு மூன்று மாதம் வராத ஓட்டக்காரி ஒருவர் "பயிற்சி நன்றாகப் போகிறது என்று அர்த்தம்" என்று யாராவது சொல்லக் கேட்டால், அந்த ஆளின் பயிற்சியிலிருந்து விலகிவிடுவது நல்லது.

அக்கிலிஸ் வலி ஆண்களுக்கும் நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் கொஞ்சம் கூடுதலாக வருகிறது. காலையில் எழுந்ததும் குதிகாலுக்கு மேலே விறைப்பாக இருக்கும், கொஞ்சம் நடந்ததும் இளகும். வேக ஓட்டமும் மேடேறுவதும் இதைக் கிளப்பிவிடும். இதன் வைத்தியத்துக்குப் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஸ்வீடனில் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவருக்கே இந்த வலி வந்தது. அறுவைச் சிகிச்சை செய்யுங்கள் என்று கேட்டார், மேலதிகாரி மறுத்துவிட்டார். சரி, இதை இன்னும் கெடுத்துவிட்டால் வேறு வழியில்லாமல் செய்வார்கள் என்று நினைத்து, படியில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலைக் கீழே இறக்கும் பயிற்சியை வலிக்க வலிக்கச் செய்தார். கெடவில்லை, குணமாகிவிட்டது! 1998இல் அவர் வெளியிட்ட முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: முழங்காலை நீட்டி 15 தடவை மூன்று சுற்று, மடக்கி 15 தடவை மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். நாளுக்கு 180 தடவை என்பது பலருக்கு அலுத்துவிடும். வாரத்துக்கு மூன்று நாள், அதிக எடையோடு, மெதுவாகச் செய்தாலும் பலன் ஏறக்குறைய அதேதான் என்று பிற்பாடு தெரிந்தது. வலி குதிகால் எலும்பில் தசைநாண் ஒட்டும் இடத்திலேயே இருந்தால் மட்டும் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கக் கூடாது, சமதரையில் நின்று செய்ய வேண்டும்.

முழு ஓய்வு தசைநாணுக்கு நல்லதல்ல என்பதும் இதிலிருந்து தெரிகிறது. இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு வந்தால் வலி போயிருக்கும், கூடவே தசைநாணின் தாங்கும் திறனும் போயிருக்கும். முதல் ஓட்டத்திலேயே திரும்ப வரும். எலும்புக்கு ஓய்வு, தசைநாணுக்கு அளவான சுமை. இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லா வலிக்கும் "ரெஸ்ட் எடுங்க" என்று சொல்வதால் வருடக் கணக்கில் இழுத்துக்கொண்டு போகிறவர்கள் பலர்.

அக்கிலிஸ் பற்றி ஓட்டக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாத ஒன்று: சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் நெஞ்சுச் சளிக்கும் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகள் தசைநாணைப் பலவீனப்படுத்தக்கூடியவை. அக்கிலிஸ் அறுந்துபோகும் அளவுக்குக்கூட. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008லேயே இந்த மருந்துகளின் விவரச்சீட்டில் கட்டம் கட்டிய எச்சரிக்கையைப் போட வைத்தது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். மருந்தைத் தன்னிச்சையாக நிறுத்தச் சொல்லவில்லை. எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடம் "நான் ஓடுபவன், மாற்று இருக்கிறதா" என்று கேளுங்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் அந்த நாட்களில் ஓடாதீர்கள்.

குதிகாலின் அடியில், காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே முள் குத்துவது போல வலித்தால் அது உள்ளங்கால் சவ்வின் வேலை. நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களுக்கும் எடை கூடியவர்களுக்கும் ஓடாமலேயே வரும். எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பு முளைத்திருக்கிறது என்று சொன்னால் அதைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம், வலியே இல்லாத பலருக்கும் அந்த முளை உண்டு. கால்விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து விரல்களை மேலே தூக்கிய நிலையில், ஒற்றைக்காலில் குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியை ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்தவர்கள், வெறுமனே நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட மூன்றாவது மாதத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டு தரப்பும் சமம். வேகமாகக் குணமாக வேண்டுமென்றால் முதல் வழி, பொறுமை இருந்தால் எதுவும் சரி.

கெண்டைச் சதை பிடிப்பும் தொடையின் பின்தசைப் பிடிப்பும் உண்டு. வேகமாக ஓடும்போது சட்டென்று சுண்டி இழுக்கும். வயதானவர்களுக்குக் கெண்டை, வேக ஓட்டக்காரர்களுக்குப் பின்தொடை. ஒன்று மட்டும் மறக்காதீர்கள். ஓட்டத்தோடு சம்பந்தமில்லாமல் கெண்டை வீங்கி, சூடாகி, வலித்தால், குறிப்பாக நீண்ட பயணத்துக்குப் பிறகு, அது ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம். உடனே மருத்துவமனை.

இப்போது யாருக்கு வருகிறது என்ற கேள்வி.

பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப முதலாவதாக வருவது பழைய காயம். கடந்த ஒரு வருடத்தில் ஒரு காயம் வந்திருந்தால் அடுத்தது வரும் வாய்ப்பு கூடுகிறது. வலி போனதும் குணமாகிவிட்டது என்று நினைத்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. அடுத்து அனுபவமின்மை. 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 1,000 மணி நேர ஓட்டத்துக்குப் புதியவர்களுக்கு 17.8 காயங்கள், பழகியவர்களுக்கு 7.7 என்று கணக்கிட்டது. நீங்கள் ஐந்து மாதக்காரர், இன்னும் முதல் கூட்டத்தில்தான் இருக்கிறீர்கள்.

மூன்றாவது, அந்த 14 கிலோமீட்டர். வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்ற விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நெதர்லாந்தில் 500க்கும் மேற்பட்ட புதிய ஓட்டக்காரர்களை வைத்து 2008இல் இதைச் சோதித்தார்கள். 10 சதவீத விதிப்படி மெல்ல ஏறிய குழுவில் 20.8 சதவீதம் பேர் காயமடைந்தார்கள், வழக்கமான திட்டத்தில் ஓடியவர்களில் 20.3 சதவீதம். வித்தியாசமே இல்லை. பிறகு 2025இல் 5,200க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் கைக்கடிகாரப் பதிவுகளை ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு வந்தது. வாரக் கூட்டுத்தொகை எவ்வளவு ஏறியது என்பதற்கும் காயம் கூடுவதற்கும் எதிர்பார்த்த தொடர்பு அதில் கிடைக்கவில்லை. ஒரே ஓட்டத்தின் நீளத்தோடு கிடைத்தது. கடந்த 30 நாட்களில் ஓடியதிலேயே நீளமான ஓட்டத்தைவிட 10 முதல் 30 சதவீதம் அதிகம் ஓடியபோதே காயம் வரும் வேகம் 64 சதவீதம் கூடியது. அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஓடியபோது இரட்டிப்பையும் தாண்டியது. காயங்கள் ஓடியவர்களே சொன்னவை என்பதால் இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வார நாட்களில் சும்மா இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சேர்த்து ஓடுபவர்களைப் பற்றி நான் பார்த்துவருவதோடு இது பொருந்துகிறது. நீங்கள் 10இலிருந்து 14க்குப் போனது 40 சதவீதம். அது ஆறுவதற்குள் 16.

ஷூவுக்கு வருவோம். பாதம் உள்பக்கம் சாய்கிறது, ஆகவே அதைத் தடுக்கும் ஷூ வேண்டும் என்ற விற்பனைப் பேச்சுக்கு ஆதாரம் மெலிந்தது. டென்மார்க்கில் 927 புதியவர்களுக்கு, பாதம் எப்படி இருந்தாலும், ஒரே மாதிரியான சாதாரண ஷூவைக் கொடுத்து ஒரு வருடம் தொடர்ந்தார்கள். உள்சாய்வுப் பாதம் உள்ளவர்களுக்குக் கூடுதல் காயம் வரவில்லை என்று 2014இல் எழுதினார்கள். அமெரிக்கப் படைகளிலும் பாதத்தின் வடிவத்தைப் பார்த்து ஷூ கொடுத்துப் பார்த்தார்கள், காயம் குறையவில்லை. தட்டைப் பாதம் என்று சொன்ன நண்பருக்கு இதைச் சொல்லுங்கள். ஷூவே விஷயமில்லை என்று அடுத்த கோடிக்கும் போக வேண்டாம். லக்சம்பர்க்கில் 800க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த சோதனையில், கடினமான அடிப்பாகத்தில் ஓடியவர்களுக்கு மெத்தென்ற அடிப்பாகத்தில் ஓடியவர்களைவிடக் காயம் அதிகம் வந்தது. இரண்டு மூன்று ஜோடிகளை மாற்றி மாற்றி ஓடுபவர்களுக்குக் காயம் குறைவு என்று அதே ஆய்வாளர்கள் முன்பு கண்டிருந்தார்கள், சுமை தினமும் ஒரே இடத்தில் விழாததால் இருக்கலாம்.

உண்மையில் ஆபத்து, ஷூ மாறும் வேகத்தில் இருக்கிறது. வெறுங்கால் ஓட்டம் பரவிய காலத்தில், மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூவுக்குப் பத்து வாரத்தில் மாறியவர்களின் பாதங்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு எலும்பின் உள்ளே அழுத்தத்தின் அடையாளம் இருந்தது. கார்பன் தகடு வைத்த பந்தய ஷூவுக்கு ஒரே நாளில் மாறுவதையும் நான் ஆதரிப்பதில்லை. குதிகாலில் இறங்குவதா, முன்பாதத்தில் இறங்குவதா என்ற விவாதமும் இதே வகைதான். முன்பாதத்துக்கு மாறினால் முட்டியின் சுமை குறையும், அது அக்கிலிஸுக்கும் கெண்டைக்கும் போய்ச் சேரும். சுமை மறைந்துவிடுவதில்லை.

நின்றபடி காலை இழுத்துப் பிடிக்கும் நீட்டல் பயிற்சி காயத்தைத் தடுக்காது. ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,500க்கும் மேற்பட்டவர்களிடம் 2000ஆம் ஆண்டு சோதித்து அறிந்தது அது. பிடித்திருந்தால் செய்யுங்கள், கெடுதல் இல்லை. அந்த நேரத்தைத் தசை பலப்படுத்தும் பயிற்சிக்குக் கொடுத்தால் பலன் அதிகம். ஆனால் கைபேசியில் காணொளி பார்த்து அரைகுறையாகச் செய்வதற்கும் ஒருவர் மேற்பார்வையில் ஒழுங்காகச் செய்வதற்கும் நிறைய தூரம்.

இனி உங்கள் முட்டிக்கு. ஓட்டத்தை முழுதாக நிறுத்த வேண்டியதில்லை. எந்தத் தூரத்தில் வலி வரவில்லையோ அதற்கு இறங்குங்கள், 4 கிலோமீட்டர் என்றாலும் சரி. பத்துக்கு மூன்றுக்கு மேல் போகாத வலி, ஓடி முடித்த பின் அடங்கி, அடுத்த நாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு உங்களுக்குத் தாங்குகிறது. மறுநாள் படி இறங்கும்போது முன்பைவிட வலித்தால் நேற்று அதிகம். மூன்று வாரத்துக்கு இறக்கமான பாதையை விட்டுவிடுங்கள். ஒரே நீண்ட ஓட்டத்தை உடைத்து வாரத்தில் நான்கு சின்ன ஓட்டங்களாக ஆக்குங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதே வேகத்தில், அடியைக் கொஞ்சம் குட்டையாக்கி, அந்த எண்ணிக்கையை 5 சதவீதம் கூட்டினாலே முட்டிக்குப் போகும் சுமை குறைகிறது என்று 2011லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். எல்லோரும் 180க்கு வர வேண்டும் என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். 160 வைப்பவருக்கு 168 போதும். வாரம் மூன்று நாள், சுவரில் சாய்ந்து பாதி உட்காருவது, பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது, சின்னப் படியில் ஒற்றைக்காலில் மெதுவாக இறங்குவது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு மட்டும் ஓடாதீர்கள். எச்சரிக்கை மணியை அணைத்துவிட்டு ஓடுவதாகும். அதோடு நீண்ட ஓட்டத்தில் உடலில் நீர் குறையும்போது இப்யூபுரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

முட்டி வீங்கினால், நடுவில் பூட்டிக்கொண்டால், காலை ஊன்றும்போது நழுவினால், நான் மேலே சொன்ன எதுவும் உங்களுக்குப் பொருந்தாது, நேரில் காட்டுங்கள். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் முன்னேற்றம் இல்லையென்றாலும் அப்படியே.

அரை மாரத்தான் எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று நான்கு மாதம் இருந்தால், வலியில்லாமல் 10க்குத் திரும்பிய பிறகு நீண்ட ஓட்டத்தை ஒரு தடவைக்கு 1 கிலோமீட்டர் என்று ஏற்றி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் இறங்கி, தாராளமாகப் போய்ச் சேரலாம். இரண்டு மாதத்துக்குள் என்றால் அதே நிகழ்ச்சியில் 10 கிலோமீட்டர் பிரிவுக்கு மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.